வலைக்கு ஓய்வு, மீனுக்கு வாழ்வு

கேரளத்தில் கொல்லம் நகருக்கு அருகில் நீண்டகரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய மீன்பிடித் துறைமுகம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவில் அங்கே ஒரு வேலை நடக்கும். பாலத்தின் தூண்களுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டுவார்கள். அதன் பிறகு விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஜூலை 31ஆம் தேதி நள்ளிரவில்தான் சங்கிலியை அவிழ்ப்பார்கள்.

வீட்டைப் பூட்டுவது போலக் கடலைப் பூட்டுகிறார்கள். மொத்தம் 52 நாள் பூட்டு.

கடலை ஏன் பூட்ட வேண்டும்? கடல் யாருடைய சொத்து? அதைப் பூட்டும் உரிமை யாருக்கு உண்டு? படகு போகாவிட்டால் மீனவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

எல்லோருக்கும் பொது

நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கும். அது தனி ஆளுக்குச் சொந்தம் இல்லை. ஊர் மாடுகள் எல்லாம் அங்கே மேயும். ஒருவர் 2 மாடு ஓட்டி வருவார். இன்னொருவர் 4 மாடு ஓட்டி வருவார். புல் வளரும். மாடு மேயும். மறுபடியும் புல் வளரும்.

ஒருநாள் ஒருவர் 100 மாடுகளை ஓட்டி வருகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் மாடுகளைக் கூட்டுகிறார்கள். "நாம் விட்டால் அடுத்தவன் மேய்த்துவிடுவான்" என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். புல் வளர நேரமே இல்லை. வேர் வரைக்கும் மாடு கடித்துவிடுகிறது. கடைசியில் வெறும் கட்டாந்தரைதான் மிஞ்சும். 2 மாடு வைத்திருந்தவருக்கும் புல் இல்லை. 100 மாடு வைத்திருந்தவருக்கும் புல் இல்லை.

கடலும் ஆறும் ஏரியும் இப்படித்தான். அவை பொது நீர். கட்டுமரக்காரரும் அங்கே போகிறார். பெரிய விசைப்படகுக்காரரும் அங்கே போகிறார். அளவு இல்லாமல் எல்லோரும் அள்ளினால் என்ன ஆகும்? மீன் பெருக நேரம் இருக்காது.

பொதுச் சொத்துக்குப் பொது விதி வேண்டும். அந்த விதியைச் செய்வது அரசு. விதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மக்கள்.

விதை நெல்லும் தாய் மீனும்

நல்ல விவசாயி விதை நெல்லைக் குத்திச் சோறாக்க மாட்டார். வீட்டில் பசி இருந்தாலும் விதைக் கோட்டையைத் தொடமாட்டார். விதை போனால் அடுத்த ஆண்டு விளைச்சல் போய்விடும். இது அவருக்குத் தெரியும்.

கடலில் விதை நெல் எது? முட்டை நிறைந்த தாய் மீன்தான் விதை நெல். மீன் குஞ்சுதான் நாற்று.

மத்தி மீனை எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் இதைச் சாளை என்று சொல்வார்கள். ஒரு தாய் மத்தி பல்லாயிரம் முட்டைகள் இடும். அவற்றில் பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். கொஞ்சம்தான் பிழைக்கும். பிழைத்தவை வேகமாக வளரும். ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவம் வந்துவிடும். அதற்கு முன்பே பிடித்துவிட்டால் அந்த மீன் ஒரு தடவைகூட முட்டையிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் கணக்கு.

ஒரு குஞ்சு மீன் 10 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 குஞ்சுகளைப் பிடித்தால் எடை 1 கிலோ.

அந்த 100 குஞ்சுகளைப் பிடிக்காமல் விடுகிறோம். சில மாதங்களில் பாதி குஞ்சுகள் செத்துப்போகின்றன. மீதி 50 மீன் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 50 கிராம் வளர்ந்திருக்கிறது. இப்போது பிடித்தால் எடை எவ்வளவு?

50 மீன் x 50 கிராம் = 2,500 கிராம். அதாவது இரண்டரைக் கிலோ.

பாதி மீன் செத்த பிறகும் எடை இரண்டரை மடங்கு கிடைக்கிறது. விலையும் கூடும். பெரிய மீன் சமையலுக்குப் போகும். பொடி மீன் பல இடங்களில் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும்தான் போகிறது. அதற்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

பொறுத்தால் லாபம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், "நான் பொறுத்தால் அடுத்தவர் பிடித்துவிடுவாரே!" என்ற பயமும் எல்லோருக்கும் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பொறுப்பதற்குத்தான் விதி தேவைப்படுகிறது.

எந்தக் கடல் யார் பொறுப்பில்?

இந்தியாவின் கடற்கரை 7,500 கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடலில் மீன்பிடிப்பை ஒழுங்கு செய்வது மாநில அரசு. 12 கடல் மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர்.

அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. 200 கடல் மைல் வரை மீன்வளம் நம் நாட்டுக்கு உரியது. அது சுமார் 370 கிலோமீட்டர்.

ஆறு, ஏரி, அணை ஆகியவற்றில் மீன்பிடிப்பது பற்றி மாநில அரசு விதி செய்கிறது. ஊர்க் குளங்கள் பலவற்றில் பஞ்சாயத்து மீன் குத்தகை விடுகிறது. 1992ஆம் ஆண்டில் பஞ்சாயத்துகளுக்காக நம் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க வேலைகளின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. அந்தப் பட்டியலில் மீன்வளமும் இருக்கிறது. எனவே கிராம சபையில் குளத்து மீனைப் பற்றியும் பேசலாம்.

வெடியும் விஷமும்

மீன் பிடிப்பதற்கான சட்டம் நம் நாட்டுக்குப் புதிது இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1897ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நீரில் வெடி வைத்து மீன் கொல்லக் கூடாது, விஷம் கலந்து மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தக் காலத்தில் பிடிக்கக் கூடாது என்று விதி செய்யவும் அது வழி விட்டது.

வெடி வைத்தால் என்ன கெடுதி? வெடி பெரிய மீன், சின்ன மீன் என்று பார்க்காது. முட்டை, குஞ்சு, புழு, பூச்சி எல்லாம் சாகும். செத்த மீனில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். மீதி அடியில் போய் அழுகும். வெடி வைத்தவரின் கை போன கதைகளும் உண்டு.

விஷம் இன்னும் மோசம். அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது. அதே தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம்.

கேரளத்தில் நடந்தது

இப்போது நீண்டகராவுக்குத் திரும்புவோம். 1953இல் நார்வே நாட்டின் உதவியோடு அங்கே ஒரு மீன்பிடித் திட்டம் தொடங்கியது. எந்திரப் படகுகள் வந்தன. பிறகு இழுவை மடி வந்தது. இழுவை மடி என்பது ஒரு பெரிய பை போன்ற வலை. அதைக் கடலின் அடித்தரையில் இழுத்துக்கொண்டே போவார்கள். எதிரில் வருவதெல்லாம் பைக்குள் போகும்.

அந்தக் காலத்தில் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. இழுவை மடியில் இறால் குவிந்தது. பணம் உள்ளவர்கள் படகு வாங்கினார்கள். படகுகள் பெருகின.

ஆனால் இறாலோடு குஞ்சு மீனும் வந்தது. தாய் மீனும் வந்தது. விசைப்படகுகள் கரைக்கு அருகிலேயே மடி இழுத்தன. கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன. அவர்களுக்கு மீன் குறைந்தது. கடலிலேயே சண்டைகள் மூண்டன.

சிறு மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். "மீன் முட்டையிடும் மழைக்காலத்தில் இழுவை மடியை நிறுத்துங்கள்" என்று கேட்டார்கள். படகு முதலாளிகள் மறுத்தார்கள். "மழைக்காலத்தில்தான் இறால் கிடைக்கும். நிறுத்தினால் எங்களுக்கு நஷ்டம்" என்றார்கள்.

1980இல் கேரள அரசு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கோவாவிலும் சட்டம் வந்தது. பிறகு மகாராஷ்டிரம், ஒடிசா, தமிழ்நாடு, கர்நாடகம் என்று மற்ற மாநிலங்களிலும் வந்தது.

சட்டம் வந்தும் மழைக்காலத் தடை உடனே வரவில்லை. 1984இல் கேரளத்தில் பெரிய போராட்டம் நடந்தது. மீனவர்களோடு பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு அடுத்தடுத்து நிபுணர் குழுக்களை அமைத்தது.

1988இல் முதல் தடை வந்தது. அதிலும் நீண்டகராவுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். சிறு மீனவர்கள் விடவில்லை. தொடர்ந்து கேட்டார்கள். படகு முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் மழைக்கால இழுவை மடித் தடை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. எந்த நீண்டகராவுக்கு விலக்கு கொடுத்தார்களோ, அதே நீண்டகராவில் இன்று சங்கிலி கட்டுகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தடையை அதிகாரிகள் தாங்களாக நினைத்துக் கொண்டுவரவில்லை. கடலில் இறங்கிப் பிழைக்கும் சாதாரண மக்கள் போராடிப் பெற்றார்கள்.

தடைக்காலம் எப்போது?

இன்று நாடு முழுவதும் கடலில் தடைக்காலம் இருக்கிறது. 2015 முதல் மத்திய அரசு இதை 61 நாளாக வைத்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவை இதில் சேரும்.

மேற்குக் கடற்கரை: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குஜராத், மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகியவை இதில் சேரும். கேரளம் தன் பொறுப்பில் உள்ள கடலில் 2018 முதல் 52 நாள் தடை வைத்திருக்கிறது.

நாமே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஏப்ரலில் 16 நாள். மே மாதத்தில் 31 நாள். ஜூனில் 14 நாள். கூட்டினால் 61.

தடை பெரிய படகுகளுக்குத்தான். எந்திரம் இல்லாத கட்டுமரமும் துடுப்புப் படகும் கடலுக்குப் போகலாம். எந்திரம் பொருத்திய சிறு படகுகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழையின்போது கடல் கொந்தளிக்கும். எனவே தடைக்காலம் மீனைக் காப்பதோடு படகில் போகும் உயிரையும் காக்கிறது.

காலத்துக்குத் தடை இருப்பது போலக் கருவிக்கும் தடை உண்டு. 2017இல் மத்திய அரசு சக்தி மிக்க எல்.இ.டி. விளக்குகளைக் காட்டி மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுப்பதையும் தடை செய்தது.

ஸ்கேல் வைத்து அளக்கும் மீன்

கேரளத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைவான மீனைப் பிடிக்கக் கூடாது. மத்தி 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கேரளத்தில் இதை அயிலை என்பார்கள்.

2015இல் 14 வகை மீன்களுக்கு இப்படி அளவு வைத்தார்கள். பிறகு அது 58 வகையாக உயர்ந்தது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இந்த அளவுகளைச் சொல்லிக் கொடுத்தது.

மத்திக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 2012இல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் 3,297 டன்தான் கிடைத்தது. 100 கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட வரவில்லை. ஏழைகளின் மீன் என்று பெயர் பெற்ற மத்திக்குக் கடைத்தெருவில் விலை ஏறியது.

இதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. கடல் நீர் சூடானதும் ஒரு காரணம். அதனால் மத்திக்கு இரையும் குறைந்தது. முன்பு குஞ்சுகளை அள்ளியதும் ஒரு காரணம். பிறகு மத்தி மீண்டும் பெருகத் தொடங்கியது. கடல் சூடாவதை ஒரு மீனவரால் தடுக்க முடியாது. ஆனால் குஞ்சை விட்டுவிட அவரால் முடியும்.

ஆற்றில் ஏறும் உல்லம்

வங்காளிகளுக்கு உயிரான மீன் இலிஷ். தமிழில் இதை உல்லம் என்பார்கள். இது கடலில் வாழும். மழைக்காலத்தில் முட்டையிட ஆற்றில் ஏறும். குஞ்சுகள் ஆற்றில் சில மாதம் வளரும். பிறகு கடலுக்குத் திரும்பும். அதாவது உல்லத்துக்குப் பிறந்த வீடு ஆறு. புகுந்த வீடு கடல்.

ஒரு காலத்தில் உல்லம் கங்கையில் அலகாபாத் வரைக்கும் போனது. 1975இல் மேற்கு வங்கத்தில் ஃபராக்கா அணை திறக்கப்பட்டது. மீனின் வழி அடைபட்டது. அணைக்கு மேலே இருந்த ஊர்களில் உல்லம் மிகவும் குறைந்துபோனது. அந்த மீனை நம்பிப் பிழைத்த மீனவர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

மேற்கு வங்க அரசு இப்போது சில விதிகள் வைத்திருக்கிறது. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லத்தைப் பிடிக்கவும் விற்கவும் கூடாது. 2013இல் ஹூக்ளி ஆற்றின் சில பகுதிகளை உல்லம் காப்பிடம் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 24 வரை முட்டையிடும் காலத்திலும் கட்டுப்பாடு உண்டு.

விதி இருந்தும் சந்தையில் குஞ்சு உல்லம் விற்கிறது. வாங்க ஆள் இருந்தால் பிடிக்கவும் ஆள் இருக்கும். ஆகவே மீன் வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு.

பக்கத்து நாடான வங்கதேசத்திலும் உல்லத்துக்குத் தடைக்காலம் உண்டு. அங்கே தடை நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள். மீனைக் காக்கச் சொல்லும்போது மனிதரின் வயிற்றையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சிலிகா ஏரியின் கதை

ஒடிசாவில் சிலிகா என்ற பெரிய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் அது 1,100 சதுர கிலோமீட்டர் வரை விரியும். ஆற்று நீரும் கடல் நீரும் அங்கே கலக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மீனவ மக்கள் அதை நம்பி வாழ்கிறார்கள்.

முன்பு எந்த ஊர் எந்தப் பகுதியில் பிடிப்பது, எந்த வலை போடுவது என்று மீனவர்களுக்குள் வழக்கம் இருந்தது. பிறகு இறாலுக்கு விலை ஏறியது. வெளியாட்கள் வந்தார்கள். ஏரிக்குள்ளேயே மூங்கிலும் வலையும் கட்டி வேலி போட்டார்கள். அதற்குள் இறால் வளர்த்தார்கள். பொது ஏரி துண்டு துண்டாகத் தனியார் கைக்குப் போனது. மீனவரின் படகு போகவும் வழி இல்லாமல் போனது.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டர் தூரத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. தீர்ப்பு வந்தும் வேலிகள் நின்றன. 1999 மே மாதம் மீனவர்களே சில வேலிகளைப் பிடுங்கினார்கள். அன்று இரவு சோரானா கிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். காகிதத்தில் இருக்கும் சட்டத்தை நேரத்தில் நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு துயரமான பாடம்.

அதே காலத்தில் ஏரிக்கு இன்னொரு நோயும் வந்திருந்தது. கடலோடு சேரும் வாய் மண்மேடு விழுந்து அடைபட்டுக்கொண்டிருந்தது. மீன் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வர முடியவில்லை. 2000 செப்டம்பரில் அரசு புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தது. 1999-2000இல் சுமார் 1,700 டன் மீன்தான் கிடைத்தது. 2001-02இல் ஏறக்குறைய 12,000 டன் கிடைத்தது.

மீனுக்கு வழி விட்டால் மீன் வரும். இதை சிலிகா காட்டியது. ஆனால் வந்த மீன் யாருக்குப் போகிறது என்ற கேள்வி இன்றும் அங்கே இருக்கிறது. வேலிகளை அகற்றினால் மறுபடியும் முளைக்கின்றன.

மீன்களின் அடைக்கல இடம்

சில இடங்களில் ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கக் கூடாது. அவற்றை மீன் காப்பிடம் என்பார்கள். மீன் சரணாலயம் என்றும் சொல்வார்கள்.

கர்நாடகத்தில் சிருங்கேரிக் கோயில் ஓரமாகத் துங்கை ஆறு ஓடுகிறது. படித்துறையில் கை நீளப் பெரிய மீன்கள் கூட்டமாக நீந்தும். மக்கள் அவற்றுக்குப் பொரி போடுவார்கள். ஒருவரும் பிடிக்க மாட்டார்கள்.

அதே மாநிலத்தில் சிசிலா என்ற ஊரிலும் கோயில் ஓரமாகக் கபிலை ஆறு ஓடுகிறது. அங்கும் மீன்களை மக்கள் காத்தார்கள். 1996இல் யாரோ ஆற்றில் விஷம் கலந்தார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. ஊர் மக்கள் செத்த மீன்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். மறுபடியும் காவல் காத்தார்கள். மீன்கள் மறுபடியும் பெருகின.

இப்படிப்பட்ட இடங்களால் சுற்று ஊர்களுக்கு என்ன லாபம்? காப்பிடத்தில் தாய் மீன் பயமில்லாமல் முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து எல்லை தாண்டி ஆறு முழுவதும் பரவும். காப்பிடம் என்பது நாற்றங்கால். நாற்றங்காலில் யாரும் ஆடு மேய்ப்பது இல்லை.

ஒடிசாவில் கஹிர்மாதா என்ற கடல் சரணாலயம் இருக்கிறது. அது 1997இல் அறிவிக்கப்பட்டது. அங்கே பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடும். அவை வலையில் சிக்கிச் சாகாமல் இருக்க ஒடிசாக் கடலின் சில பகுதிகளில் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. இது 7 மாதத் தடை. ஆமை பிழைக்கிறது. ஆனால் அந்தக் கரை மீனவர்களுக்கு 7 மாதம் மிக நீளம்.

அடுப்பு எப்படி எரியும்?

"நாங்கள் மீனுக்கு எதிரி இல்லை. ஆனால் இரண்டு மாதம் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?" என்று மீனவர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி.

இதற்காகச் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. மீனவர் தம் பங்காக 1,500 ரூபாய் சேமிக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 3,000 ரூபாய் கொடுக்கும். மொத்தம் 4,500 ரூபாய். இது தொழில் இல்லாத 3 மாதத்துக்குப் பிரித்துத் தரப்படும். ஒரு மாதத்துக்கு 1,500 ரூபாய்.

ஒரு குடும்பத்துக்கு இது போதுமா? அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சில மாநிலங்கள் தனியாகவும் உதவித் தொகை தருகின்றன. கேரளத்தில் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு இலவச ரேஷன் கொடுக்கிறார்கள்.

கஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. படகு முதலாளி இந்த நாட்களில் படகைப் பழுது பார்ப்பார். படகில் கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணுக்கு வியாபாரம் போய்விடும். கருவாடு காயவைக்கும் பாட்டிக்கு, ஐஸ் உடைக்கும் பையனுக்கு, வண்டியில் ஏற்றி இறக்குகிறவருக்கு, எல்லோருக்கும் வேலை போய்விடும். இவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா? பலருடைய பெயர் இருப்பது இல்லை.

மீனைக் காக்கும் செலவை ஏழை மட்டும் சுமக்கக் கூடாது. மீன் பெருகினால் லாபம் எல்லோருக்கும். அப்படியானால் அதன் பாரமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

அறிவிப்பைப் படிப்போம்

தடைக்காலம் வரும் முன்பு மீன் இறங்குதளத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். மீன்வளத் துறை அலுவலகத்திலும் சங்க அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். அதைப் பிறர் சொல்லக் கேட்பதைவிட நாமே படிப்பது நல்லது. படிக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தடை?

2. எந்தப் படகுக்குத் தடை? எந்தப் படகு போகலாம்?

3. எந்த வலைக்குத் தடை? வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும்?

4. கரையிலிருந்து எத்தனை தூரத்துக்குள் விசைப்படகு வரக் கூடாது?

5. நிவாரணம் யார் யாருக்கு? எங்கே, எந்தத் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும்?

மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன்பு படித்துப் பாருங்கள். சேமிப்புப் பணம் கட்டினால் பாஸ் புத்தகத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? "என் பெயர் ஏன் இல்லை?" என்று எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

விதி நன்றாக நடக்க வேண்டுமானால் விதியை எல்லோரும் படித்திருக்க வேண்டும். சின்னப் படகைப் பிடித்து அபராதம் போட்டுவிட்டுப் பெரிய படகை விட்டுவிட்டால் அதையும் கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் பலராக இருந்தால் ஏமாற்றுவது கடினம்.

தாத்தா காலத்தில் இருந்த மீன் இன்று குறைந்துவிட்டது என்று கரை முழுவதும் பேச்சு. பேரன் காலத்தில் என்ன இருக்கும் என்பது இன்று நாம் போடும் வலையின் கண்ணில் இருக்கிறது. கண் பெரிதானால் குஞ்சு தப்பும். குஞ்சு தப்பினால் குலம் தழைக்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊர்க் குளத்தில் அல்லது ஆற்றில் முன்பு என்னென்ன மீன்கள் இருந்தன? இன்று எவை இருக்கின்றன? வயதானவர்களைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. குளத்து மீன் குத்தகை யாருக்குப் போகிறது? அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது?

3. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 முடிய எத்தனை நாள்? கூட்டிப் பாருங்கள்.

4. தடைக்காலத்தில் வேலை இழக்கிறவர்கள் யார் யார்? அவர்களுக்கு என்ன உதவி வேண்டும்? உங்கள் கருத்தை ஐந்து வரியில் எழுதுங்கள்.